உயிரோடிருந்தவருக்கு ஊதிய சங்கு

செல்வகுமாரி கெட்டிக்காரப் பெண் என்பதில் எங்கள் ஊரில் மாற்றுக் கருத்து கிடையாது. கொஞ்சம் அவசரக்காரி என்பதிலும் கிடையாது. பாகூர் ஏரித் தண்ணீர் வந்து சேரும் கடைசி ஊர்களில் எங்களுடையது ஒன்று. அவள் அப்பா சிங்காரவேலு கொஞ்சம் நெல்லும் கொஞ்சம் கரும்பும் பயிர் வைக்கிறவர். மகள் வில்லியனூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பி.சி.ஏ. கடைசி வருடம் படிக்கிறாள். ஊரில் யார் போனில் எது கெட்டாலும் அவளிடம்தான் போகும். சரி செய்து கொடுப்பாள். கொடுக்கும்போதே, இதுகூடவா தெரியாது என்று ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் கொடுப்பாள். உதவியும் வேண்டும், பேச்சும் கேட்க மாட்டோம் என்றால் எப்படி? எல்லாரும் கேட்டுக்கொண்டோம்.

அந்தக் கல்லூரியில் மொபைல் ஆப் செய்வது ஒரு பாடம். அதற்கென்று ஒரு லேப் உண்டு. கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஆஸ்துமா வந்தவை. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவைத் திறந்துவிட்டுப் போய் கேன்டீனில் டீ குடித்துவிட்டு வந்தாலும் ஓரத்தில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். எழுதிய ஆப் வேலை செய்கிறதா என்று பார்க்க, திரையிலேயே ஒரு போன் வரும். எமுலேட்டர் என்று பெயர். பிள்ளைகள் பொம்மை போன் என்பார்கள். பாடம் எடுக்கும் ப்ரீத்தி மேடம் முதல் வகுப்பிலேயே ஒன்றைச் சொல்லியிருந்தார். ஆப்பை இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள், ஜனங்களுக்குக் கொடுப்பது ஒன்று, வகுப்பில் சோதித்துப் பார்ப்பது ஒன்று, இரண்டையும் கலக்கக் கூடாது என்று. செல்வகுமாரியும் அப்படித்தான் இரண்டு வைத்திருந்தாள்.

அவள் செய்த ஆப்புக்கு ஊர்ச்சேதி என்று பெயர். எங்கள் ஊரில் எந்தச் சேதியும் மாரியம்மன் கோயில் மைக்கில்தான் வரும். த்ரீ பேஸ் கரண்ட் எப்போது, நூறு நாள் வேலை எந்த வாய்க்காலில், யார் செத்தார்கள், எப்போது எடுக்கிறார்கள், எல்லாம் அதில்தான். குழாய் கிழக்கே பார்த்து இருப்பதால் மேற்குத் தெருவுக்குப் பாதிதான் கேட்கும். வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்களுக்கு அதுவும் கிடையாது. செல்வகுமாரியின் அம்மாவே தன் சொந்தச் சித்தி செத்தது தெரியாமல், மூன்றாம் நாள் பால் தெளித்த பிறகு போய் நின்று அழுதவள். அந்த அழுகையைப் பார்த்துத்தான் மகளுக்கு இந்த யோசனையே வந்தது. அதனால் சாவுச் சேதிக்கு மட்டும் தனி ஏற்பாடு செய்தாள். போன் சத்தமில்லாமல் கிடந்தாலும் அது வந்தால் சங்கு ஊதும். அனுப்பியதைத் திரும்ப எடுக்கும் பட்டனை அதில் வைக்கவில்லை. ஊர்க் காரியங்களை முன்னின்று செய்யும் புகழேந்திதான் அந்த யோசனை சொன்னவர். சாவுச் சேதியை யார் வாபஸ் வாங்கப் போகிறார்கள், எவனாவது விளையாட்டுக்கு அழித்துவிட்டால் வம்பு என்றார். அது சரியாகத்தான் பட்டது. தாலி கட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போன பெண்கள்தான் முதலில் அதை போனில் ஏற்றிக்கொண்டார்கள்.

ஆப் வந்த பிறகு ஊரில் யாரும் சாகவில்லை. அது நல்லதுதான். ஆனால் சங்கு ஊதுகிறதா என்று பார்க்க வாய்ப்பில்லாமலே செய்முறைத் தேர்வு வந்துவிட்டது.

வெளிக் கல்லூரியிலிருந்து தெய்வநாயகம் என்று ஒரு பரீட்சகர் வந்திருந்தார். ஒவ்வொரு பெஞ்சாக நின்று பார்த்தார். செல்வகுமாரியின் முறை வந்தபோது சோதனை ஆப் இன்னும் திறக்கவில்லை. வட்டம் சுற்றுகிறது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் இன்னும் பாதி வகுப்பு காத்திருந்தது. ஊருக்குக் கொடுத்த ஆப் ஏற்கெனவே பொம்மை போனில் இருந்தது. அதையே திறந்துவிட்டாள். பொம்மை போனிலிருந்து போனாலும் போவது போவதுதான் என்பது அவளுக்குத் தெரியாத விஷயமில்லை. அந்த நேரத்தில் அது தோன்றவில்லை. மார்க் மட்டும்தான் தோன்றியது.

மழை, கரண்ட் எல்லாம் காட்டினாள். சாவுச் சேதியையும் காட்டச் சொன்னார். பெயர் இடத்தில் ஏபிசி என்று அடித்தாள். அப்படியெல்லாம் போடாதே, நிஜ ஊர் மாதிரி ஒரு பெயர் போடு என்றார்.

சாவுக்கு ஒரு பெயர் வேண்டும் என்றால் யார் பெயரைப் போடுவது? சொந்தக்காரர் பெயரைக் கை அடிக்காது. பக்கத்து வீட்டுக்காரர் பெயரைப் போட்டு நாளைக்குத் தெரிந்தால் அந்த வீட்டம்மா வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றுவாள். கற்பனையாக ஒன்று போடலாம் என்றால் எங்கள் ஊரில் எந்தப் பெயரைச் சொன்னாலும் அதற்கு ஓர் ஆள் இருக்கும். கண் மூடித் திறப்பதற்குள் இத்தனையும் ஓடியது. கடைசியில் அவள் விரல் இருசப்பன் என்று அடித்தது. மேற்குத் தெரு இருசப்பன், இன்று காலை காலமானார். அனுப்பினாள்.

பெஞ்சுக்கடியில் இருந்த அவளுடைய பையிலிருந்து சங்கு ஊதியது. வகுப்பே சிரித்தது. பரீட்சகரும் சிரித்துவிட்டு, நன்றாக வேலை செய்கிறதே என்று முழு மார்க் போட்டார். செல்வகுமாரி மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். தன் பைக்குள் ஊதினால் ஊர் முழுவதும் ஊதியிருக்கும்.

வராந்தாவுக்கு ஓடிப்போய் போனை எடுப்பதற்குள் அப்பா கூப்பிட்டுவிட்டார்.

“குமாரி, மேக்குத் தெரு இருசப்பன் பெரியப்பா பூட்டாராமே. ஒன் ஆப்புலதான் மொதல்ல வந்துச்சு, கோயில் மைக்குல கூட இன்னும் சொல்லல. ஊரே ஒன்னத்தான் பேசிக்கினு கீது.”

சிங்காரவேலு மகளை நேருக்கு நேர் பாராட்டுகிற ஆள் இல்லை. அவர் குரலில் அப்படி ஒரு பெருமையை அவள் கேட்டதே கிடையாது. அவளால் ம் என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அவர் மாலை வாங்கப் போவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

திரும்பக் கூப்பிட்டு உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். சொல்லத்தான் வேண்டும். ஆனால் உள்ளே பரீட்சகர் இன்னும் இருந்தார். போட்ட மார்க்கை அடித்துவிடுவாரோ என்ற பயம் ஒரு பக்கம், அப்பாவின் அந்தக் குரல் ஒரு பக்கம். முதலில் ஓசைப்படாமல் சரி செய்துவிடலாம் என்று நினைத்தாள். அழிக்கலாம் என்றால் அழிக்கும் பட்டனை அவளே வைக்கவில்லை. தவறான செய்தி, மன்னிக்கவும் என்று பொதுச் சேதியில் போட்டாள். பொதுச் சேதிக்குச் சங்கு கிடையாது, யாரும் பார்க்கவில்லை. வெட்கத்தை விட்டு அப்பாவைக் கூப்பிட்டபோது அவர் எடுக்கவில்லை. ப்ரீத்தி மேடத்திடம் அழுதுகொண்டே சொல்லிவிட்டு பஸ் பிடிக்க ஓடினாள்.

இருசப்பன் யார் என்று சொல்ல வேண்டும். செல்வகுமாரிக்கு ஊர் முறையில்தான் பெரியப்பா, சொந்தமில்லை. மேற்குத் தெருக் கடைசி வீடு. தனி ஆள். முன்பு அப்படி இல்லை. அவர் பெண்சாதிக்கு நெஞ்சு வலி வந்த சமயம் கரும்பாலையிலிருந்து வெட்டச் சொல்லி கட்டிங் ஆர்டர் வந்திருந்தது. வெட்டு ஆட்கள் வயலில் நின்றார்கள். லாரி வந்துவிட்டது. அதை விட்டால் கரும்பு காய்ந்து எடை போய்விடும். வாய்வுதான், ஓம வாட்டர் குடி, லோடு ஏற்றிவிட்டு வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று போனார். வந்து பார்த்தபோது கூட்டிப்போக ஆள் இல்லை. நீதான் எங்கம்மாவைக் கொன்றாய் என்று பந்தலிலேயே மகளும் மகனும் சொன்னார்கள். மகள் மஞ்சுளா கரையாம்புத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். மகன் முத்துக்குமார் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. அந்தக் கருமாதிக்குப் பிறகு இருவரும் அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. வருடங்கள் ஓடிவிட்டன. ஊரும் மெல்ல அவரிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டது. தனியாக இருக்கிறவரிடம் என்ன பேசுவது என்று ஆளுக்கொரு சாக்கு.

அன்று அவர் விடியும்போதே கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். வீடு பூட்டியிருந்தது. ஜனங்கள் மாலையோடு வந்து பூட்டைப் பார்த்தார்கள். பூட்டியிருந்தால் ஆள் வெளியே போயிருக்கலாம் என்று ஒருவருக்காவது தோன்ற வேண்டுமே! உடம்பு ஆஸ்பத்திரியில் இருக்கும், வரும் என்று முடிவு கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். புகழேந்தி ஷாமியானாவுக்குச் சொல்லிவிட்டார். ஐஸ் பெட்டி வண்டி வந்து நின்றது. பறை மேளக்காரர்கள் தப்பட்டையைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

செல்வகுமாரி பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்தபோது, எதிர்ப்பக்கத்திலிருந்து இருசப்பன் வந்துகொண்டிருந்தார். டி.வி.எஸ். வண்டியின் பின்னால் மாட்டுத் தீவனத்துக்குக் கரும்புத் தோகை. தன் வீட்டு வாசலில் பந்தல் காலைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். மாலை வைத்திருந்தவர்கள் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். யாருக்கு என்ன ஆயிற்று என்று அவர் கேட்டார்.

அதற்குள் தெருக்கோடியில் ஆட்டோ நின்றது. மஞ்சுளா இறங்கினாள். சாவு வீட்டுக்கு வருகிற பெண் தெருமுனையிலேயே குரல் எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தலையை விரித்துப் போட்டு மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். கண்ணீரில் எதிரே யார் நிற்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

“ஆறின சோத்த தின்னுக்கினு அனாதியா பூட்டியே அப்பா… ஒன் மூஞ்சிய பாக்காம இருந்துட்ட பாவி நானு… அம்மாவ நீ கொல்லலப்பா, ஆத்தாமையில சொல்லிட்டேன், நீ கொல்லல…”

தெரு முழுவதும் அதைக் கேட்டது. வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற இருசப்பனும் கேட்டார். கூட்டம் விலகியது. மஞ்சுளா அவரைப் பார்த்தாள். குரல் அப்படியே நின்றது. கிட்டே போய் இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் அடித்தாள், அடித்துக்கொண்டே மண்ணில் உட்கார்ந்தாள். சாதாரணமாக இப்படி ஒன்று நடந்தால் எங்கள் ஊர் ஒரு மாசம் சிரிக்கும். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

செல்வகுமாரி முன்னால் வந்து, நான்தான் அக்கா, காலேஜில் சோதித்துப் பார்க்கப் போட்டேன், ஊருக்கு வந்துவிட்டது என்றாள்.

மஞ்சுளா நிமிர்ந்து பார்த்தாள். “எங்கப்பன் பேருதான் கெடச்சுதா ஒனக்கு?”

“வேற யார் பேர போட்டாலும் அவுங்க வூட்டு ஆளுங்க சண்டைக்கு வருவாங்கன்னு…”

சொல்லிவிட்டுத்தான், என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. மீதியை அவள் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. இவருக்காகச் சண்டைக்கு வர யாரும் இல்லை என்பதுதான் மீதி. அது தெருவில் நின்ற எங்கள் எல்லாருக்கும் விழுந்த அறை, மஞ்சுளாவுக்கு இரண்டு மடங்கு. அவள் அதற்குப் பிறகு செல்வகுமாரியை ஒரு வார்த்தை திட்டவில்லை. அப்பாவிடம் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வீட்டைப் பெருக்கினாள், குளித்தாள், உலை வைத்தாள். மாத்திரை சாப்பிடுகிறாயா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். சாயந்திர பஸ்ஸில் கிளம்பிவிட்டாள்.

ஊர் செல்வகுமாரியை வையவில்லை. செத்ததாகச் சேதி வந்தால் ஆயுசு கூடும், மனுஷன் கெட்டி என்று ஆளாளுக்குத் தேற்றினார்கள். வைதிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். சங்கை எடுத்துவிட்டாள், அழிக்கும் பட்டனை வைத்தாள். ப்ரீத்தி மேடத்திடம் போய் மார்க்கைக் குறைத்துவிடுங்கள் என்று கேட்டாள். போட்ட மார்க் யுனிவர்சிட்டிக்குப் போய்விட்டது, இனி யாராலும் தொட முடியாது என்றார் அவர். இன்னொன்றும் சொன்னார். நான் இரண்டாக வைக்கச் சொன்னது எதற்கென்று இனிமேல் வரும் பிள்ளைகளுக்கு உன்னை வைத்துத்தான் சொல்லப் போகிறேன், பெயரைச் சொல்ல மாட்டேன். மேடம் ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. மறந்துபோய்த் தவறு செய்தவள் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஒரு மனிதனைத் தேடிப் பிடித்து, இவன் செத்தால் கேட்க நாதியில்லை என்று எடை போட்டுத்தான் அந்தப் பெயரை அடித்தோம் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். பஸ்ஸுக்கு மேற்குத் தெரு வழியாகப் போகிறவள், கோயிலைச் சுற்றிக்கொண்டு போனாள்.

இதற்கிடையே புகழேந்தி ஒரு நாள் சிங்காரவேலுவிடம் ஒரு விஷயம் சொன்னார். கண்டிப்பாக யாரிடமும் போகக் கூடாது என்று சொல்லித்தான் சொன்னார். சங்கு ஊதியதுமே அவர் ஓசூருக்கு போன் போட்டிருக்கிறார், கொள்ளி வைக்க மகன் வேண்டுமே என்று. முத்துக்குமார் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, லீவு கிடைக்காதண்ணே, நீங்களே எடுத்துடுங்க என்றானாம். ஆள் உயிரோடிருக்கிறார் என்று மறுபடி கூப்பிட்டுச் சொன்னபோது, சரி என்று வைத்துவிட்டானாம். பக்கத்தில் இருந்த செல்வகுமாரியும் இதைக் கேட்டாள். விஷயம் எப்படியோ ஊர் முழுவதும் தெரிந்துவிட்டது. ஒரு ரகசியத்தையும் வைத்துக்கொள்ளத் தெரியாத எங்கள் ஊர், இந்த ஒன்றை மட்டும் இருசப்பன் காதுக்குப் போகாமல் காப்பாற்றியது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அவர் வீட்டுக்கே போனாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் சந்தோஷமாக நாற்காலியை இழுத்துப் போட்டார். மஞ்சுளா முந்தின வாரம் பிள்ளைகளோடு வந்துபோனாளாம். சின்னவன் மாட்டைக் கண்டு பயந்தானாம். உன்னால்தான் என் பெண் வந்தது, நீ நன்றாக இருக்க வேண்டும் என்றார். தன் பெயரை அடித்தவளுக்கு அவர் வாழ்த்துச் சொன்னது அவளுக்குத் தாங்கவில்லை. மன்னிப்புக் கேட்க வந்ததையும், அந்தப் பெயரை ஏன் போட்டாள் என்பதையும் விடாமல் சொல்லி அழுதாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“நீ நெனச்சது நெசந்தான பாப்பா. அதுக்கு ஏன் அழுவுற.”

கொஞ்ச நேரம் வாளியை நகர்த்திக்கொண்டிருந்தார். பிறகு, இத்தனை நாளாகக் கேட்க ஆள் தேடிக்கொண்டிருந்தவர் போல மெதுவாகக் கேட்டார்.

“அந்தச் சேதி முத்துக்குமாருக்குப் போச்சா?”

அவர் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. உண்மையைச் சொன்னால் இந்த மனிதரை நிஜமாகவே கொன்றதாகிவிடும். ஏற்கெனவே ஒரு தடவை கொன்றாயிற்று.

“போவல பெரியப்பா. அவுரு போன்ல அந்த ஆப்பே இல்ல.”

இருசப்பன் முகம் தெளிந்துவிட்டது. அதானே பார்த்தேன், தெரிந்திருந்தால் வராமல் இருப்பானா, அவன் அம்மா பிள்ளை, மனசு இளகினவன் என்று அடுக்கிக்கொண்டே போனார். உள்ளே போய்த் தன் பட்டன் போனை எடுத்துவந்து அவளிடம் நீட்டினார்.

“நம்பரு இதுல கீது பாப்பா. அவனுக்கு மட்டும் இன்னொரு தடவ போட்டுடு. நான் செத்துட்டன்னு.”

செல்வகுமாரி போனை வாங்கவில்லை. அவரும் நீட்டிய கையை மடக்கவில்லை.